துர்துக்: சிம்லாவில் எழுதிய ஒரு வரி, ஷியோக் கரையில் நான்கு ஊர்கள்

லே நகரிலிருந்து கர்துங்லா கணவாய் ஏறி இறங்கி, திஸ்கித், ஹுந்தர் எல்லாம் தாண்டி, ஷியோக் ஆற்றை ஒட்டியே மேற்கே போனால் போக்டாங் என்ற ஊர் வரும். அதற்கு அடுத்த ஊர் சலுங்கா. இரண்டுக்கும் நடுவில் இன்று ஒன்றும் கிடையாது. பாறை, ஆறு, ராணுவ லாரிகள், அவ்வளவுதான். ஆனால் 1949 முதல் 1971 டிசம்பர் வரை இந்தியா போக்டாங்கோடு முடிந்துபோனது. சலுங்காவும் அதற்கு அப்பால் உள்ள துர்துக், த்யாக்‌ஷி, தாங் ஆகிய ஊர்களும் பாகிஸ்தானிடம் இருந்தன.

இந்த நான்கும் எப்படி இந்தியாவுக்கு வந்தன என்று கேட்டால், 1971 போரில் ராணுவம் பிடித்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். அது பாதிக் கதை. அதே போரில் இந்திய ராணுவம் மேற்கில் பிடித்த பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் நிலம் மறு ஆண்டே திரும்பக் கொடுக்கப்பட்டது. துர்துக் மட்டும் ஏன் தங்கியது? அதற்கு விடை போர்க்களத்தில் இல்லை, ஒப்பந்தத்தின் ஒரு பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்திக்கு ஊர்க்காரர்கள் கொடுத்த விலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

கோடு வருவதற்கு முன்

துர்துக் மக்கள் பல்திகள். பேசுவது பல்தி. அது திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதுவும் மிகப் பழைய ஒலிகளை விடாமல் வைத்திருக்கும் கிளை. அரிசிக்குத் திபெத்திய எழுத்தில் 'ப்ரஸ்' என்று இருக்கும். லாசாவில் அது வாயில் தேய்ந்து 'டே' ஆகிவிட்டது. பல்திகள் இன்னும் 'ப்ரஸ்' என்றே சொல்கிறார்கள். மொழி திபெத்தியம், எழுதுவது பாரசீக–அரபு எழுத்தில், மதம் இஸ்லாம். அதிலும் நூர்பக்‌ஷியா என்ற சூஃபி மரபு இங்கே வலுவாக வேர்விட்டது.

அப்போது இந்தப் பள்ளத்தாக்கின் முகம் மேற்கே, இன்று பாகிஸ்தான் வசம் இருக்கும் கப்லுவையும் ஸ்கர்துவையும் பார்த்து இருந்தது. ஆறே அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. ஷியோக் கப்லு வழியாகப் போய் சிந்துவில் கலக்கிறது. கப்லுவை ஆண்ட யப்கோ வம்சத்தின் ஒரு கிளை துர்துக்கிலும் இருந்தது. அந்தக் குடும்பத்தின் பழைய வீடு இன்று சின்ன அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. 1840இல் ஜம்முவின் டோக்ரா படைகள் பல்திஸ்தானைப் பிடித்தன. 1846இல் அமிர்தசரஸ் உடன்படிக்கைப்படி குலாப் சிங் 75 லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு காஷ்மீரை வாங்கியதோடு ஜம்மு–காஷ்மீர் சமஸ்தானம் உருவானது. அதில் லடாக் வசாரத் என்ற நிர்வாகப் பிரிவுக்கு லே, கார்கில், ஸ்கர்து என்று மூன்று தாலுகாக்கள். அதாவது லேயும் ஸ்கர்துவும் ஒரே மாவட்டம் மாதிரி. திருமணம், வியாபாரம், மேய்ச்சல் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக நடந்தன.

1947 அக்டோபர் 26 அன்று மகாராஜா ஹரி சிங் இந்தியாவோடு இணைவதாகக் கையெழுத்துப் போட்டார். சில நாட்களிலேயே கில்கித் ஸ்கவுட்ஸ் என்ற உள்ளூர்த் துணைப்படை கலகம் செய்து பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. ஸ்கர்து கோட்டையில் லெப்டினன்ட் கர்னல் ஷேர் ஜங் தாப்பா 1948 பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் 14 வரை முற்றுகையைத் தாங்கினார், அப்புறம் விழுந்தது. பாகிஸ்தான் தரப்புப் படை ஒன்று ஷியோக் வழியாக, திஸ்கித்தும் ஹுந்தரும் இருக்கும் நூப்ரா பள்ளத்தாக்குக்குள்ளும் நுழைந்தது. அதைத் தடுக்க உள்ளூர் இளைஞர்களைத் திரட்டி நூப்ரா கார்ட்ஸ் என்ற படை உருவானது. அதில் முன்னால் நின்றவர் சூமூர் கிராமத்தைச் சேர்ந்த பதினேழு வயதுப் பையன், சேவாங் ரிஞ்சென். அந்த வயதிலேயே மகாவீர் சக்ரா வாங்கினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 23 வருடம் கழித்து அவர் இதே பள்ளத்தாக்கில் எதிர்த்திசையில் வருவார்.

1949 ஜனவரி 1 அன்று போர் நிறுத்தம். அதே ஆண்டு ஜூலை 27இல் கராச்சியில் கோடு வரைந்தார்கள். வரைபடத்தில் என்ஜே 9842 என்ற புள்ளி வரை போய், அதற்கு மேல் வடக்கே பனியாறுகளை நோக்கி என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்த அரைகுறை வாக்கியம்தான் பின்னால் சியாச்சின் பனியாற்றில் சண்டையாக வெடித்தது, அது தனிக் கதை. இங்கே முக்கியம், கோடு போக்டாங்குக்கும் சலுங்காவுக்கும் நடுவில் விழுந்தது. ஒரே மொழி பேசும் இரண்டு பக்கத்து ஊர்கள் இரண்டு நாடுகள் ஆயின.

1971 டிசம்பர்

டிசம்பர் 3இல் போர் தொடங்கியது. இந்தப் பகுதி அப்போது பர்தாபூர் செக்டர். மேஜர் ரிஞ்சென் தலைமையில் லடாக் ஸ்கவுட்ஸும் நூப்ரா கார்ட்ஸும் சலுங்காவை நோக்கி நகர்ந்தன. எதிரில் ஒன்பது காவல் அரண்கள், சுற்றிலும் கண்ணிவெடி. ஆற்றோரப் பாதையில் நேராகப் போனால் சுட்டு வீழ்த்திவிடுவார்கள் என்பதால் முதலில் மலை ஏறி, 18,402 அடி உயரத்தில் இருந்த காவல் முனையைப் பிடித்தார்கள். டிசம்பர் மாதத்தில், இரவில், அந்த உயரத்தில். பிறகு மேலிருந்து கீழே இறங்கி சலுங்கா, துர்துக், த்யாக்‌ஷி என்று வரிசையாக. டிசம்பர் 17 இரவு எட்டு மணிக்குப் போர் நிறுத்தம் அமலுக்கு வந்தபோது தாங் அவர்கள் கையில் இருந்தது. அடுத்த ஊர் அவர்கள் கையில் இல்லை. ரிஞ்செனுக்கு இரண்டாவது முறையாக மகாவீர் சக்ரா.

போர் வரலாறு எழுதுபவர்கள் இந்த நாட்களை நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள், அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த ஆய்வுக்குத் தேவையானது ஒன்று: ஊர் மக்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போகவில்லை. வந்த சிப்பாய்களில் பலர் நூப்ராக்காரர்கள், அதே ஆற்றின் மேல்பக்கத்து மனிதர்கள். முகஜாடையும் பேச்சும் முழுக்க அந்நியமில்லை. டெல்லியிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்த ஒரு படையாக இருந்திருந்தால் ஊர் காலியாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு பத்தியின் பலம்

1972 ஜூலை 2. சிம்லாவில் இந்திரா காந்தியும் சுல்பிகர் அலி புட்டோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நான்காவது பத்தியில் இரண்டு விதிகள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் விதி: இரு படைகளும் சர்வதேச எல்லையின் தத்தம் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் விதி: ஜம்மு–காஷ்மீரில் மட்டும், 1971 டிசம்பர் 17 போர் நிறுத்தத்தின்போது யார் எங்கே நின்றார்களோ அந்தக் கட்டுப்பாட்டுக் கோட்டை இரு தரப்பும் மதிக்க வேண்டும், எந்தத் தரப்பின் உரிமைக் கோரிக்கைக்கும் பாதிப்பில்லாமல்.

இரண்டு விதிக்கும் என்ன வித்தியாசம்? சகர்கட் பாகிஸ்தான் பஞ்சாபில் இருந்தது. எல்லை இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட எல்லை. எனவே இந்தியா பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. தார் பாலைவனத்தில் சாச்ரோ, அதுவும் அப்படியே. ஆனால் காஷ்மீரில் இருந்தது எல்லை என்றே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாத ஒரு போர் நிறுத்தக் கோடு. அங்கே பிடித்தவன் வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. சகர்கட்டைப் போல துர்துக்கும் ஒப்புக்கொண்ட எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால் 1972 டிசம்பரில் மீண்டும் பாகிஸ்தான் கொடி ஏறியிருக்கும். தகராறு உள்ள நிலம் என்பதால்தான் அது இந்தியாவில் தங்கியது. கேட்கத் தலைகீழாக இருக்கிறது, ஆனால் விஷயம் அதுதான்.

இந்த விதி ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமில்லை. ஜம்முவுக்கு மேற்கே சம்ப் பகுதியைப் பாகிஸ்தான் பிடித்திருந்தது. அதே பத்தியின்படி அது அவர்களிடமே போனது. சம்ப் மக்கள் அகதிகளாக ஜம்முப் பக்கம் வந்து குடியேறினார்கள். துர்துக் கதையைப் பெருமையாகச் சொல்பவர்கள் சம்ப் கதையை எடுப்பதே இல்லை. ஒரே வரியின் வரவும் செலவும் இவை, கணக்கைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

கோட்டை வரைபடத்தில் ஏற்றுவதும் லேசில் முடியவில்லை. லெப்டினன்ட் ஜெனரல் பி.எஸ். பகத்தும் லெப்டினன்ட் ஜெனரல் அப்துல் ஹமீது கானும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். ஜம்மு பக்கம் தாகோ சக் என்ற துக்கடா ஊர் யாருக்கு என்ற இழுபறியிலேயே காலம் ஓடியது. கடைசியில் 1972 டிசம்பர் 11இல் சுசேத்கட்டில் கையெழுத்தானது. அந்தக் கோட்டு விவரணையின் வடகோடியில் தாங் பெயர் வருகிறது: கோடு தாங் வரை வரும், தாங் இந்தியாவுக்குள், அங்கிருந்து கிழக்கே பனியாறுகளைச் சேரும் என்று. ஒரு கைப்பிடி வீடுகள் உள்ள ஊர். அதன் பெயர் இரு ராணுவங்கள் கையெழுத்திட்ட ஆவணத்தில் ஏறிவிட்டது.

குடியுரிமை விஷயமும் கவனிக்க வேண்டியது. இந்தியாவின் சட்டப்படி 1947 இணைப்போடு சமஸ்தானம் முழுவதும், ஸ்கர்து உட்பட, இந்தியாவுடையது. ஆகவே டெல்லியின் பார்வையில் துர்துக் மக்கள் 1971இல் இந்தியர் ஆகவில்லை, எப்போதுமே இந்தியர்தான், நடுவில் 22 வருடம் இன்னொருவர் பிடியில் இருந்தார்கள். காகிதத்தில் இது வேலையைச் சுலபமாக்கியது. இன்னொரு வசதியும் சேர்ந்துகொண்டது. பாகிஸ்தானின் தேசிய மொழிகளில் ஒன்று உருது, அப்போதைய ஜம்மு–காஷ்மீர் மாநிலத்தின் அலுவல் மொழியும் உருதுதான். நாடு மாறியது, மனு எழுதும் மொழி மாறவில்லை.

1947க்கு முன் இங்கே பிறந்த ஒருவர் வீட்டுத் திண்ணையைவிட்டு நகராமலேயே மகாராஜாவின் குடியாக, பாகிஸ்தான்காரராக, இந்தியராக மூன்று முறை கணக்கில் வந்திருக்கிறார்.

அந்த வாரம் ஊரில் இல்லாதவர்கள்

எல்லோரும் திண்ணையில் இருக்கவில்லை, அதுதான் துயரம். பாகிஸ்தான் காலத்தில் துர்துக் ஆண்கள் பிழைப்புக்குப் போவது ஸ்கர்து, லாகூர், கராச்சி. மாணவர்கள் ஸ்கர்துவில் படித்தார்கள். சிலர் அந்தப் பக்கப் படைகளில் வேலை பார்த்தார்கள். குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது, வெளியூர் போக அதுதான் காலம். போர் வந்ததும் டிசம்பரில்.

போர் முடிந்தபோது கணவன் அங்கே, மனைவி இங்கே. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. பனி உருகினால் திரும்பிவிடலாம் என்று போனவர்களுக்கு வழியே இல்லாமல் போனது. பல வருடம் காத்திருந்து, அங்கும் இங்கும் வேறு திருமணம் செய்துகொண்டவர்கள் உண்டு. காத்திருந்தே முடிந்தவர்களும் உண்டு. தாங் ஊருக்கு நேர் எதிரே பாகிஸ்தான் பக்கத்தில் ப்ராணு என்ற ஊர். பார்வைக்கு எட்டுகிறது. ஆனால் 2025 வரை முறைப்படி போக வேண்டும் என்றால் தாங்கிலிருந்து லே, லேயிலிருந்து டெல்லி, விசா, அப்புறம் அமிர்தசரஸ், வாகா, லாகூர், இஸ்லாமாபாத், ஸ்கர்து, கப்லு. நாட்டையே சுற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போகிற பயணம். அதற்குப் பணம், பாஸ்போர்ட், எல்லாவற்றுக்கும் மேல் விசா வேண்டியிருந்தது. இரு பக்கத்து உறவுகள் ஹஜ் போன இடத்தில், மக்காவில் சந்தித்துக்கொண்ட கதைகளும் உண்டு.

2005 ஏப்ரலில் ஸ்ரீநகர்–முசாபராபாத் பேருந்து ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பூஞ்ச்–ராவலாகோட். பல்திகள் கேட்டது கார்கில்–ஸ்கர்து பாதை. ஒரு காலத்தில் அது பக்கத்துத் தாலுகாவுக்குப் போகிற சாதாரணச் சாலை. அதைத் திறக்கும் கோரிக்கை இன்றுவரை கோரிக்கையாகவே இருக்கிறது. மற்ற இரண்டு பேருந்துகளும் 2019இல் நின்றுபோயின. ரேடியோவுக்கு மட்டும் விசா தேவைப்படவில்லை. அந்தப் பக்க நிலையத்திலும் பல்தி நிகழ்ச்சி உண்டு, கார்கில் வானொலியிலும் உண்டு. இப்போது வாட்ஸ்அப். சிக்னல் கிடைத்தால் பேரன்களின் முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள்.

சந்தேகத்தின் ஆண்டுகள்

1971க்குப் பிறகு ஊர் நீண்ட காலம் மூடியே கிடந்தது. வெளியாட்களுக்கு அனுமதியில்லை. 1984 ஏப்ரல் 13இல் சியாச்சின் நடவடிக்கை தொடங்கியதும் நூப்ரா முழுவதும் ராணுவத் தளமாகிவிட்டது. துர்துக் ஆண்களுக்குக் கிடைத்த முக்கியக் கூலி வேலை, பனிமலைக் காவல் நிலையங்களுக்குச் சுமை தூக்குவது. ஒரு தலைமுறை அந்தச் சுமையில்தான் வீடு கட்டியது.

1999இல் கார்கில் போர். தமிழ் வாசகர்களுக்குப் பட்டாலிக் என்றால் அந்தப் போரில் அங்கே உயிரிழந்த திருச்சி மேஜர் சரவணன் நினைவுக்கு வருவார். பட்டாலிக்கிலிருந்து சோர்பத்லா கணவாய் வழியாக மலைமுகடு துர்துக் பக்கம்தான் தொடர்கிறது. ஊடுருவல் இங்கேயும் நடந்தது. ஜூன் 6 அன்று 11 ராஜ்புதானா ரைஃபிள்ஸ் கேப்டன் ஹனீஃபுத்தீன் இந்தப் பகுதியில் உயிரிழந்தார், உடலைக் கொண்டுவரவே நாற்பது நாளுக்கு மேல் ஆனது. அந்தத் துணைப் பகுதி இப்போது அவர் பெயரில் இருக்கிறது.

அந்த நேரத்தில் துர்துக் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் ஊடுருவியவர்களுக்கு உதவியதாகக் கைது செய்யப்பட்டார்கள். பகலில் ராணுவத்துக்குச் சுமை தூக்கிய ஊர், இரவில் சந்தேகத்துக்கு ஆளான ஊர். அக்கரையில் சொந்த அண்ணன் இருப்பதே ஒரு தடயம் ஆகிவிடுகிற இடத்தில் விசுவாசத்தை எப்படி நிரூபிப்பது? இதை ராணுவமும் புரிந்துகொண்டது என்றே தோன்றுகிறது. போருக்குப் பிறகு, லடாக்கைக் கவனிக்கும் ராணுவப் பிரிவான 14ஆவது கோரின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் அர்ஜுன் ராய் காலத்தில் ஆபரேஷன் சத்பாவனா என்ற பெயரில் பள்ளி, மருத்துவம், தொழிற்பயிற்சி என்று ஊருக்குள் வேலை தொடங்கியது. பயம் குறைந்தது அதற்குப் பிறகுதான். அதைப் பாராட்டலாம், ஆனால் பள்ளியும் மருத்துவரும் ராணுவ நல்லெண்ணமாக வந்துசேர கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆனது என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது.

ஆப்ரிகாட் மரத்தடியில்

2010இல் துர்துக் சுற்றுலாவுக்குத் திறந்தது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் புல்லட்டில் போகிறவர்களின் பட்டியலில் இப்போது அது கட்டாயம் உண்டு.

லடாக்கின் மற்ற ஊர்களைவிட இது தாழ்வான இடம், சுமார் மூவாயிரம் மீட்டர். அதனால் மற்ற இடங்களில் ஒரு போகம் எடுக்கும் நிலத்தில் இங்கே பார்லி அறுத்த கையோடு பக்வீட் விதைத்துவிடுகிறார்கள். அது கோதுமை இனமில்லை, சின்ன முக்கோண விதை, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். அந்த மாவில் சுடும் கிசிர் நம் தோசைக்குப் பங்காளி. வால்நட்டும் ஆப்ரிகாட்டும் எல்லா வீட்டு முற்றத்திலும். ஆகஸ்டில் ஊரின் மொட்டை மாடிகள் ஆரஞ்சு நிறமாகிவிடும், பழத்தைப் பிளந்து வெயிலில் காயப்போட்டிருப்பார்கள். கொட்டையையும் விடுவதில்லை. பெண்கள் தட்டைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் ஒரே தட்டு, ஓடு இரண்டாகப் பிரியும், பருப்பு நசுங்காது. பலம் கூடினால் பருப்பு போச்சு, குறைந்தால் கொட்டை எகிறி ஓடும். பருப்பை அரைத்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள்.

மரப்பாலம் தாண்டி ஃபரோல் பகுதிக்குப் போகும் வழியில் கல்லால் கட்டிய குட்டை அறைகள் இருக்கும். பெயர் நாங்சுங். பார்த்தால் ஆட்டுக்கொட்டில் மாதிரி. உள்ளே கை விட்டால் ஜில்லென்று இருக்கும், பாறை இடுக்குகளின் வழியாகக் குளிர்காற்று வந்துகொண்டே இருக்கிறது. வெண்ணெய், இறைச்சி, பால் எல்லாம் கோடையில் அங்கேதான். மின்சாரமே வேண்டாத குளிர்பதனப் பெட்டி. மகாராஜா காலத்திலும் பாகிஸ்தான் காலத்திலும் வெண்ணெய் இதற்குள்தான் இருந்தது.

விடுதிகள் பெருகியிருக்கின்றன. வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பாகிஸ்தான் எங்கே தெரியும் என்றுதான். உள்ளூர்ப் பையன்கள் சலிக்காமல் மலைமுகட்டைக் காட்டுகிறார்கள்: அந்த உச்சி நம்ம போஸ்ட், இதற்குப் பின்னால் இருப்பது அவங்க போஸ்ட். அவர்களில் சிலருக்கு அந்த முகட்டுக்குப் பின்னால் பெரியப்பா இருக்கிறார். அதைக் கேட்பவர் குறைவு.

2019இல் லடாக் தனி யூனியன் பிரதேசம் ஆனது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு வாகாவுக்கு இந்தியப் பக்கத்தில் உள்ள அட்டாரி வழி மூடப்பட்டது, விசாக்கள் ரத்தாயின. மறுநாள் பாகிஸ்தான், சிம்லா உள்ளிட்ட இருதரப்பு ஒப்பந்தங்களை நிறுத்தி வைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அறிவித்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு இது தொலைக்காட்சிச் செய்தி. துர்துக்கை இந்தியாவில் நிறுத்திய வரி இருப்பது அந்த ஒப்பந்தத்தில்தான்.

சுற்றுலா இப்போது தாங் வரை நீண்டிருக்கிறது. சாலை முடிகிற இடத்தில் டீக்கடையும் ஒரு தொலைநோக்கியும் உண்டு. அதில் கண் வைத்தால் ப்ராணுவின் வயல்கள் தெரியும். அங்கேயும் ஆப்ரிகாட் மரங்கள்தான்.